மூச்சும் மெய்ப்பாடும்

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தர வேண்டும் என்று செயலாளர் அவர்கள் கேட்டபோது, திருக்காளத்தியைப் பற்றியோ கிருஷ்ணதேவராயரைப் பற்றியோ எழுதுவேன் என்று அவர் எண்ணியிருக்கக் கூடும். நான் எடுத்துக்கொண்ட பொருளோ மூச்சு. ‘மூச்சுக்கு ஏதையா வரலாறு?’ என்று அவர் நகைத்தார். மூச்சு விடுதல் மனிதன் பிறந்த நாள்தொட்டு உள்ளதே. ஆயினும் சினமும் அச்சமும் துயரமும் மூச்சோடு எங்ஙனம் பிணைந்து கிடக்கின்றன என்பதை மனிதர் சிறிது சிறிதாக அறிந்துகொண்ட வரலாறு நெடியது. அதில் தமிழர்க்கும் பங்குண்டு. நாம் குடியேறி வாழும் இந்த வரதய்யபாளையத்தைச் சுற்றியுள்ள நாட்டிலேயே அதற்கு ஓர் அடையாளமும் உண்டு. பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் புகைவண்டி நிலையத்தில் எழுத்தராக இருக்கும் நான் இப்பொருளைத் தொடத் துணிந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

முதற்கண் நம் மொழியைப் பார்ப்போம். மூச்சு விடுதலை ‘உயிர்த்தல்’ என்றும் மூச்சை ‘உயிர்ப்பு’ என்றும் நம் முன்னோர் வழங்கினர். உயிரும் உயிர்ப்பும் ஒரே வேரிலிருந்து கிளைத்த சொற்கள். துயரத்தில் விடும் நீண்ட மூச்சுக்கு ‘நெட்டுயிர்ப்பு’ என்று பெயர். தலைவனைப் பிரிந்த தலைவி நெட்டுயிர்ப்பதும், உலைக்களத்துத் துருத்திபோல் மறவன் சினத்தில் மூச்செறிவதும் நம் புலவர்களுக்குப் பழகிய காட்சிகள். வீட்டுப் பேச்சிலும் இது குறைவன்று. கடன்காரன் வந்து நின்றால் ‘மூச்சு முட்டுகிறது’ என்கிறோம். அவன் போனதும் ‘இப்போதுதான் மூச்சு வந்தது’ என்கிறோம். குழந்தையை அடக்க ‘மூச்சுக் காட்டாதே’ என்கிறோம். அச்சம், ஆறுதல், அடக்கம் ஆகிய மூன்றையும் மூச்சைக் கொண்டே சொல்லிவிடுகிறோம்.

தொல்காப்பியர் இரண்டு இடங்களில் இப்பொருளை நெருங்கி வருகிறார். எழுத்ததிகாரத்துப் பிறப்பியலில், கொப்பூழிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெற்றுப் பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பவற்றோடு பொருந்தி எழுத்தாகப் பிறக்கும் முறையைக் கூறுகிறார். பொருளதிகாரத்து மெய்ப்பாட்டியலில் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எண்வகை மெய்ப்பாடுகளை வகுக்கிறார். மெய்ப்பாடு என்பது உள்ளத்து நிகழ்ச்சி உடம்பின்கண் வெளிப்பட்டுத் தோன்றுவது. இவ்விரண்டு இயல்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது என் ஆசையே தவிர அவர் செய்த வைப்பு முறையன்று. ஆனாலும் நகைக்கும்போதும் அழும்போதும் வெகுளும்போதும் குரல் மாறுவது, கொப்பூழிலிருந்து எழும் அந்தக் காற்று மாறுவதனால்தானே?

சித்தர்கள் இன்னும் ஒருபடி மேலே சென்று மூச்சை எண்ணினார்கள். எண்ணுவது என் தொழிலுமாகையால் அவர்களுடைய கணக்கில் எனக்குத் தனி ஈடுபாடு உண்டு. ஒரு நாழிகைக்கு 360 மூச்சு; ஒரு நாளைக்கு 60 நாழிகை; ஆக 21,600 மூச்சு என்பது அவர்கள் கணக்கு. ஒரு நாழிகை 24 நிமிடம். ஆகவே நிமிடத்துக்கு 15 மூச்சு என்று வருகிறது. ஓய்ந்திருக்கும் வளர்ந்த மனிதர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார் என்பது இன்றைய மருத்துவர் கூற்று. கடிகாரமும் கருவியும் இல்லாமல் போட்ட கணக்கில் இத்துணைப் பொருத்தம் இருப்பது வியப்பேயாம். திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் மூச்சை உள்ளிழுக்க 16, உள்ளே நிறுத்த 64, வெளிவிட 32 என்று மாத்திரை அளவு வகுத்திருக்கிறார். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இழுக்கும் நேரத்தைப்போல் இருமடங்கு நேரம் விடுவதற்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. இந்த இருமடங்கை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்குத் தேவை வரும்.

சித்த மருத்துவத்தில் ‘பதினான்கு வேகங்கள்’ என்று ஒரு பட்டியல் உண்டு. தும்மல், இருமல், கொட்டாவி, பசி, நீர்வேட்கை, உறக்கம் என அடக்கக் கூடாத இயற்கை உந்துதல்கள் அவை. அடக்கினால் நோய் விளையும் என்பர். அந்தப் பட்டியலில் கண்ணீரும் இருக்கிறது, சுவாசமும் இருக்கிறது. கண்ணீரையும் மூச்சையும் ஒரே வரிசையில் வைத்து, இரண்டையும் தடுக்காதே என்று கூறிய மருத்துவர்கள் மனித நெஞ்சை அறிந்தவர்கள் என்றே நான் கருதுகிறேன்.

நமக்கு அண்மையிலுள்ள அடையாளம் என்று மேலே குறிப்பிட்டேன் அல்லவா? அது திருக்காளத்தி. ஐம்பூதத் தலங்களுள் அது காற்றுக்குரிய தலம். சம்பந்தர், அப்பர், சுந்தரர் ஆகிய மூவரும் பாடிய பதி. காற்றுப் புகாத கருவறையில் ஒரு விளக்குச்சுடர் மட்டும் அசைந்துகொண்டே இருப்பதாகவும், அது இறைவனுடைய மூச்சு என்றும் அடியார் கூறுவர். அதனை ஆராய்வது என் வேலையன்று. ஆனால் காற்றைக் கும்பிட ஒரு கோயிலை ஏற்படுத்திய மக்கள், தங்கள் கண்ணைத் தோண்டி அப்பிய கண்ணப்பரின் அன்பையும் அதே கோயிலில் வைத்துப் போற்றினர் என்பதை நினைக்கும்போது, மூச்சும் உணர்ச்சியும் ஒரே மலையடியில் குடியிருப்பதாக எனக்குத் தோன்றும்.

வடமொழி நூல்களிலும் இக்கருத்து உண்டு. பதஞ்சலி தம் யோக சூத்திரத்தில் மனம் சிதறும்போது உடன் வருவன இவை என்று துன்பம், மனச்சோர்வு, உடல் நடுக்கம், ஒழுங்கற்ற மூச்சு ஆகியவற்றை ஒரே சூத்திரத்தில் அடுக்குகிறார். அடுத்துச் சில சூத்திரங்களுக்குள்ளேயே மனம் தெளிய ஒரு வழியாக மூச்சை வெளிவிடுதலையும் நிறுத்துதலையும் சொல்லிவிடுகிறார். திருவண்ணாமலை இரமண மகரிஷி 1902-ஆம் ஆண்டு அளவில் அன்பர் ஒருவருடைய வினாக்களுக்கு அளித்த விடைகளே ‘நான் யார்?’ என்னும் சிறு நூலாயின. மனமும் மூச்சும் ஒரே இடத்திலிருந்து எழுகின்றன என்றும், மூச்சை அடக்கினால் மனம் அடங்கும் என்றும் அதில் கூறியவர், மூச்சு அடங்கியிருக்கும் வரையில்தான் அந்த அடக்கம் நிற்கும் என்றும் எச்சரித்தார். இந்த எச்சரிக்கை எனக்கு மிகவும் பிடித்தது. மூச்சுப் பயிற்சியால் எல்லாம் கைகூடும் என்று முழங்குவோர் இதைப் படிக்க வேண்டும்.

இனி என் கதை. ஆறு ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு. சீட்டு விற்பனைக் கணக்கை முடிக்கையில் ரூபாய் 4,300 குறைந்தது. மூன்று முறை கூட்டினேன். மூன்று முறையும் குறைந்தது. நெஞ்சு படபடத்தது. காற்று போதவில்லை என்று தோன்றி வேகமாக மூச்சு வாங்கினேன். வாங்க வாங்க இன்னும் போதவில்லை. விரல்களும் உதட்டோரமும் மரத்துப்போயின, தலை சுழன்றது. இதயம் நின்றுவிடப் போகிறது என்றே முடிவு செய்தேன். உடனிருந்தவர்கள் மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். இதய மின்பதிவு எடுத்தார்கள். குற்றம் ஒன்றுமில்லை என்றார்கள். பணக்குறையும் என் கூட்டலில் நேர்ந்த பிழை என்று மறுநாள் தெரிந்தது. ஆனால் அச்சம் போகவில்லை. அடுத்த மூன்று மாதத்தில் நான்கு முறை அதே துன்பம் வந்தது.

நான்காம் முறை வீட்டில் வந்தது. என் தாயார் அருகில் உட்கார்ந்து முதுகைத் தடவி, ‘மூச்சை இழுக்காதேப்பா, ஊது. ஊதாங்குழலைப் பிடிச்சு அடுப்பை ஊதற மாதிரி மெல்ல ஊது’ என்றார். நம் தாய்மார் ஈர விறகோடு போராடிய காலத்து ஊதாங்குழலை இன்றைய பிள்ளைகள் அறியார். அவசரப்பட்டு ஊதினால் சாம்பல்தான் பறக்கும். நீளமாக, ஒரே சீராக ஊதினால்தான் தணல் பற்றும். அப்படியே ஊதினேன். சில நிமிடங்களில் மரத்த விரல்களுக்கு உணர்வு திரும்பியது. இது ஏன் என்று அறிய வேண்டும் என்னும் ஆவல் அன்று பிறந்தது. அதற்குப்பின் கிடைத்த நூல்களையெல்லாம் படிக்கலானேன்.

மேனாட்டில் இவ்வாராய்ச்சி தொடங்கியதும் ஒரு வகையில் பெருமூச்சிலிருந்துதான். சார்லஸ் டார்வின் 1872-இல் மனிதரும் விலங்குகளும் உணர்ச்சியை வெளிக்காட்டும் முறைபற்றி ஒரு நூல் வெளியிட்டார். துயரத்தில் ஆழ்ந்தவனுடைய மூச்சு மெலிந்து தாழ்ந்துவிடுகிறது என்றும், ஒன்றையே நினைத்திருப்பவன் மூச்சு விட மறந்து, பின் நீண்ட மூச்சொன்றால் அதனை ஈடு செய்கிறான் என்றும் அதில் எழுதினார். 1884-இல் அமெரிக்கரான வில்லியம் ஜேம்ஸ், உணர்ச்சி தோன்றி உடம்பு மாறுவதாக நாம் நினைப்பது தவறு, உடம்பின் மாறுதலை உணர்வதே உணர்ச்சி என்று தலைகீழாகச் சொன்னார். முழுதும் அப்படியில்லை என்று பின்னர்ப் பலர் மறுத்தனர். எனினும் உள்ளத்திலிருந்து உடம்புக்கு மட்டுமன்றி, உடம்பிலிருந்து உள்ளத்துக்கும் ஒரு வழி உண்டு என்னும் கேள்வியை அவர் எழுப்பிவிட்டார். இது இருவழிப் பாதை என்று வைத்துக்கொண்டால் என் தாயாரின் ஊதாங்குழல் விளங்கும்.

எனக்கு நேர்ந்த துன்பம் போர்க்களத்தில் முதலில் பதிவாயிற்று. அமெரிக்க உள்நாட்டுப் போரில் இதய நோய் என்று கருதப்பட்ட பல போர்வீரர்களுக்கு இதயத்தில் பழுதில்லாமலே படபடப்பும் மூச்சுத் திணறலும் வந்ததை ஜேக்கப் டா கோஸ்டா என்னும் மருத்துவர் 1871-இல் எழுதினார். அதன் காரணத்தில் ஒரு பகுதியை 1905-இல் இங்கிலாந்தில் ஹால்டேனும் பிரீஸ்ட்லியும் காட்டினர். நம் மூச்சின் வேகத்தைப் பெரிதும் ஆள்வது இரத்தத்திலுள்ள கரியமிலவாயு என்று அவர்கள் கண்டனர். அச்சத்தில் வேகமாக மூச்சு விடுபவன் அந்த வாயுவை அளவுக்கு மீறி வெளியேற்றிவிடுகிறான். இரத்தத்தின் காரத்தன்மை ஏறுகிறது, மூளைக்குச் செல்லும் குழாய்கள் சுருங்குகின்றன, தலை சுற்றுகிறது, விரல் மரக்கிறது. இதைக் கண்டு இன்னும் அஞ்சுகிறான்; இன்னும் வேகமாக இழுக்கிறான். காற்று குறைவு என்று நான் நினைத்த அந்த இரவில் உண்மையில் காற்று மிகையாக இருந்தது! இதற்குக் காகிதப் பையில் மூச்சு விடச் சொல்லும் வழக்கம் முன்பு இருந்தது. இதய நோயோ ஆஸ்துமாவோ உள்ளவருக்கு அது தீங்காகக் கூடும் என்று கண்டு இன்று மருத்துவர் அதனைப் பரிந்துரைப்பதில்லை.

மூச்சை வெளிவிடும்போது மனம் ஆறுவது ஏன்? ஜெர்மானிய அறிஞர் கார்ல் லுட்விக் 1847-இல் ஒன்றைப் பதிவு செய்தார். மூச்சை இழுக்கையில் நாடி விரைகிறது, விடுகையில் தாழ்கிறது. மூளையின் அடியிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்பு இதயத்தைத் தாழ்த்துவது என்பதும், அது ஒரு வேதிப்பொருளைச் சுரந்தே அதைச் செய்கிறது என்பதும் பின்னர்த் தெளிந்தன. இவற்றுள் இரண்டாவதை 1921-இல் தவளை இதயங்களைக் கொண்டு மெய்ப்பித்த ஓட்டோ லோவி 1936-இல் நோபல் பரிசு பெற்றார். எங்கள் புகைவண்டிப் பெட்டிகளின் காற்றுத் தடையை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வண்டி ஓடும்போது தடைக்குழாயில் 5 கிலோ அழுத்தத்தில் காற்று நிறைந்திருக்கும். அந்தக் காற்றை வெளியே விட்டால்தான் தடை பிடிக்கும். வண்டி வேகம் தணியும். மனிதனுக்கும் காற்றை வெளிவிடும்போதுதான் தடை பிடிக்கிறது. திருமூலரின் இருமடங்குக் கணக்கை இப்போது நினைத்துப் பாருங்கள்.

நம் நாட்டு ஆராய்ச்சியை விட்டுவிடுதல் ஆகாது. 1924-இல் சுவாமி குவலயானந்தர் லோனாவ்லாவில் கைவல்யதாமம் என்னும் நிலையத்தை நிறுவி, யோகப் பயிற்சிகளை எக்ஸ்-கதிரும் அளவுகருவிகளும் கொண்டு சோதிக்கத் தொடங்கினார். 1935-இல் பிரெஞ்சு இதய மருத்துவர் தெரேஸ் புரோஸ் அம்மையார் இதய மின்பதிவுக் கருவியோடு இந்தியா வந்தார். யோகியொருவர் தம் இதயத் துடிப்பை ஏறக்குறைய நிறுத்திவிட்டதாக அவர் வெளியிட்ட செய்தி உலகெங்கும் பரவியது. அவர் சோதித்தவருள் ஒருவர் திருமலை கிருஷ்ணமாசாரியார். மைசூர் அரண்மனையில் யோகசாலை நடத்திப் பின்னர்ச் சென்னையில் குடியேறி, நூறாண்டு கடந்து வாழ்ந்து 1989-இல் மறைந்த பேராசான் அவர். மூச்சோடு இயையாத ஆசனம் யோகமாகாது என்று கற்பித்தவர்.

செய்தி பரவிற்றே தவிர, அது சரிதானா என்று சோதிக்க இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1957-இல் அமெரிக்காவிலிருந்து வெங்கர் என்பவரும், அங்கே பணியாற்றிய நம் நாட்டவரான பாக்சியும் கருவிகளைச் சுமந்துகொண்டு இந்தியாவெங்கும் யோகிகளைத் தேடி அலைந்தனர். டெல்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் ஆனந்த் அவர்களும் துணை நின்றார். சென்னையில் கிருஷ்ணமாசாரியாரையும் கண்டனர். இதயத்தையோ நாடியையோ அடக்க வல்லோம் என்ற நால்வரைச் சோதித்து 1961-இல் முடிவை வெளியிட்டனர். மணிக்கட்டில் நாடி மறைந்தது உண்மை. குழாய் வைத்துக் கேட்டால் இதய ஒலி மங்கியதும் உண்மை. ஆனால் மின்பதிவில் இதயம் துடித்துக்கொண்டேதான் இருந்தது! மூச்சைப் பிடித்து மார்பையும் வயிற்றையும் இறுக்கியதால் இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைந்தது. அதனால் நாடி கைக்கு எட்டவில்லை. இதயத்தை நேராக அடக்கவில்லை. மூச்சையும் தசையையும் இடையில் வைத்து அடக்கினர் என்பதே அவர்கள் முடிவு. இதைக் கேட்டு நம்மவர் சிலர் வருந்தினராம். நான் வருந்தவில்லை. இதயத்துக்கு நேர்வழி கிடையாது, மூச்சின் வழியாகத்தான் போக வேண்டும் என்றால், அந்த வழி யோகிக்கு மட்டுமன்றி எனக்கும் திறந்திருக்கிறது அல்லவா?

பிற்காலத்துச் செய்திகள் பல. 2001-இல் இத்தாலியில் பெர்னார்தி என்பவரும் குழுவினரும் 23 பேரைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினர். கிறித்தவரின் செபமாலையை இலத்தீனில் ஓதினாலும், பௌத்தரின் மந்திரத்தை ஓதினாலும் மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்குத் தாழ்ந்தது. இதயமும் அதனோடு இசைந்தது. நம் குடியிருப்பில் ஒரு வீட்டில் செபமாலையும் அடுத்த வீட்டில் தேவாரமும் மாலைதோறும் கேட்கிறோம். 2002-இல் பெல்ஜியத்தில் பிலிப்போ என்பவரும் உடனாய்ந்தோரும் மகிழ்ச்சி, சினம், அச்சம், துயரம் ஆகிய நான்கிலும் மூச்சு எப்படி அமைகிறது என்று சிலரிடம் கேட்டறிந்தனர். பின்னர் வேறு சிலரைக் காரணம் சொல்லாமல் அவ்வாறே மூச்சு விடச் செய்தனர். அவர்களுக்கு அந்தந்த உணர்ச்சியே எழுந்தது.

மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில் மூச்சின் தாளத்தை உண்டாக்கும் நரம்பணுத் தொகுதியொன்று 1991-இல் கண்டறியப்பட்டது. பிரீபோட்சிங்கர் என்பது அதன் பெயர். ஆராய்ச்சியாளர் விருந்தொன்றில் இருந்த ஜெர்மானியத் திராட்சை மதுவின் பெயரிலிருந்து வந்ததாம், அறிவியலறிஞரும் மனிதர்தாமே. 2017-இல் எலிகளின் அத்தொகுதியில் ஏறத்தாழ 175 நரம்பணுக்களை நீக்கிப் பார்த்தபோது, அவை ஏறக்குறைய வழக்கம்போலவே மூச்சு விட்டன. ஆனால் பரபரப்பு நீங்கி அமைதியாக உட்கார்ந்திருந்தன. மூச்சு எப்படி ஓடுகிறது என்ற செய்தியை அந்த அணுக்கள் விழிப்பையும் கலக்கத்தையும் எழுப்பும் மூளைப் பகுதிக்கு அனுப்பி வந்தன. இருவழிப் பாதையில் மூச்சிலிருந்து மனத்துக்குப் போகும் தடம் ஒன்று இவ்வாறு கண்ணுக்குத் தெரிந்தது. எலியில் கண்டது மனிதருக்கும் அப்படியே பொருந்துமா என்பதை இனித்தான் அறிய வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் எழுதியாக வேண்டும். பெங்களூரில் நாகரத்னா, நாகேந்திரா ஆகியோர் ஆஸ்துமா நோயாளிகள் 53 பேருக்கு யோகப் பயிற்சி அளித்து, பயிற்சி பெறாத 53 பேரோடு ஒப்பிட்டு, நோயின் தாக்குதல் குறைந்தது என்று 1985-இல் வெளியிட்டது உண்மை. அதைக் கேட்டு மருந்துக் குழாயைத் தூக்கி எறிந்தவர் ஒருவரை நான் அறிவேன். அவரைப் பிழைக்க வைப்பது பெரும்பாடாயிற்று. மார்வலியோ மூச்சுத் திணறலோ வந்தால் முதலில் மருத்துவரிடம் போங்கள். எனக்கும் மின்பதிவு எடுத்த பிறகுதான் ஊதாங்குழல்.

கடைசியாக ஒன்று. என் தந்தையார் காலமான பின் குடியாத்தம் பக்கத்துச் சிற்றூரிலிருந்து என் தாயாரை இங்கே அழைத்து வந்தேன். மொழி புதிது, அண்டை வீட்டார் புதியவர். மாலையில் விளக்கேற்றிவிட்டு வாசலில் உட்கார்ந்து பெருமூச்சு விடுவார். ‘விளக்கு வைத்த நேரத்தில் பெருமூச்சு விடாதே அம்மா, வீட்டுக்கு ஆகாது’ என்று நான் பலமுறை கடிந்துகொண்டதுண்டு. 2016-இல் பெருமூச்சைப் பற்றியே ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. துயரம் இல்லாதவரும் மணிக்குப் பன்னிரண்டு முறை அளவில், தாமறியாமல் பெருமூச்சு விடுகிறார்கள். நுரையீரலில் சுருங்கிப்போன நுண்ணறைகளை விரிப்பது அதுவே. அது நின்றால் நுரையீரல் நாளடைவில் கெடும். 2023-இல் அமெரிக்காவில் நாள்தோறும் ஐந்து நிமிடம் வேண்டுமென்றே பெருமூச்சு விடச் சொல்லி ஒரு மாதம் சோதித்தார்கள். இருமுறை இழுத்து நீள விடும் முறை அது. அவர்களுடைய மனநிலை, தியானம் செய்தவர்களைக் காட்டிலும் கூடுதலாகத் தேறியது.

இதைத் தாயாரிடம் சொன்னேன். ‘இத்தனை வருஷம் என்னைத் திட்டினதுக்கு என்ன சொல்றே?’ என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. இப்போதும் விளக்கேற்றிவிட்டு வாசலில் உட்காருகிறார். பெருமூச்சு வரும்போது விடுகிறார். என் இளைய மகள் பக்கத்தில் உட்கார்ந்து, பாட்டி விடுவதை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறாள்.